ஹஸ்னைன் மகன் ஜைனுதீன்

டெக்சாஸில் எங்கள் ஊரான கேட்டியில் ஜைனுதீன் பாயைப் பற்றிப் பேசுகிறவர்கள் சில விஷயங்களைத் தவறாகச் சொல்கிறார்கள். கிழவர் ஃபோனில் யாரோ சின்னப் பெண்ணோடு பேசி மாட்டிக்கொண்டார் என்கிறார்கள். அந்தப் பெண்மணிக்கு வயது அறுபத்தொன்று. எல்லாம் ரமலானில் நடந்தது என்கிறார்கள். அதற்கு முந்தைய மாதமான ஷஅபானில் நடந்தது, ரமலானில் முடிந்தது. நல்ல வேளையாக மகன் அவரைக் காப்பாற்றினான் என்றும் சொல்கிறார்கள். நான் பார்த்ததையும் பாய் என்னிடம் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன். மகன் காப்பாற்றினானா என்பதை வாசிக்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

ஜைனுதீனுக்கு வயது அறுபத்தொன்பது. மயிலாடுதுறையில் டைல்ஸ், குழாய், கழிவறைப் பீங்கான் விற்கும் கடை வைத்திருந்தவர். நல்ல வியாபாரி, கெட்டிக் கை. மூன்று வருடங்களுக்கு முன் மனைவி இறந்ததும் கடையை விற்றுவிட்டு, கச்சா எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் மகன் ஹஸ்னைனோடு வந்து சேர்ந்தார். என் மகள் வீடு அவர்கள் வீட்டிலிருந்து இரண்டாவது. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் மழைநீர் தேங்கும் ஒரு குளம் உண்டு. அதைச் சுற்றி நாங்கள் இருவரும் தினமும் நடப்போம். அவர் என்னை சார் என்பார். நான் அவரைப் பாய் என்பேன்.

அவரை நல்லவர் என்றும் சொல்ல மாட்டேன், கெட்டவர் என்றும் சொல்ல மாட்டேன். தாடிக்கு மருதாணி போட்டுக்கொள்வார். தன் அழகைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. இலவசமாக எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். மருமகள் ஃபைஹா பள்ளியிலும் வகுப்பிலும் பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னால் செய்வார். பாத்திரம் கழுவச் சொன்னாலும் செய்வார். ஆனால் கழுவும்போது பேச ஆள் இல்லாதது அவருக்குப் பெரிய குறை.

அந்தக் குறை போன கோடையில் தீர்ந்தது. நியூ ஜெர்சியில் எடிசனுக்கு ஒரு உறவினர் கல்யாணத்துக்குப் போனார். அங்கே மாப்பிள்ளையின் பெரியம்மா முறையில் ரஹ்மத் என்ற பெண்மணி. நாகூர்க்காரர், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து ஆறு வருடம். மகள் எடிசனில் வீட்டிலேயே ஒரு டேகேர் நடத்துகிறாள். ரஹ்மத் டீச்சர் அதில் கூடமாட உதவி. பந்தியில் பாய் இரண்டாவது தடவை ஃபிர்னி கேட்டபோது, எதிரில் இருந்த டீச்சர், "சுகர் இருக்கற ஆள் மாதிரி தெரியுதே" என்றாராம். "எப்படித் தெரியும்?" என்றாராம் இவர். "சுத்திமுத்திப் பாத்துட்டு வாங்குனீங்களே" என்று பதில் வந்ததாம்.

இதைப் பாய் என்னிடம் பல முறை சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு ஒரு அரட்டைச் செயலியில் இருவரும் பேசத் தொடங்கினார்கள். எழுத்து இல்லை, எல்லாம் குரல் பதிவு. சிலவற்றை நடக்கும்போது எனக்குப் போட்டுக் காட்டுவார். "மாத்திரை போட்டாச்சா? போட்டேன்னு பொய் சொல்லாதீங்க, குரல்லயே தெரியுது." அவ்வளவுதான் அவர்களுடைய காதல். நவம்பரில் பாய் நிக்காஹ் பேச்சை எடுத்தார். டீச்சர் சிரித்துவிட்டு, யோசிக்கிறேன் என்றார்.

யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாயின் பழைய ஃபோன் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ செய்யும்போது தொட்டித் தண்ணீரில் விழுந்தது.

புது ஃபோனை ஹஸ்னைன் வாங்கி வந்தான். அவன் எடுத்திருந்த குடும்பத் திட்டத்தில், பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு லைன் இலவசம். அவன் மகள் மலீஹாவுக்குப் பதினொன்று. அவளுக்கு ஃபோன் வேண்டாம் என்று ஃபைஹா சொல்லியிருந்தாள். இலவசத்தை விட முடியுமா? நான் அன்று அவர்கள் வீட்டுச் சமையலறையில்தான் இருந்தேன்.

"அத்தா, இது செம ஆஃபர். கிட்ஸ் லைன் ஃப்ரீ. உங்களை மலீஹாவோட டேட் ஆஃப் பர்த்ல போட்டு ஆக்டிவேட் பண்ணிட்டேன்."

"பேச முடியுமில்ல?"

"பேசலாம்."

"அப்ப சரி. சும்மா குடுக்கறான், எந்த வயசா இருந்தா என்ன!"

மலீஹா கை தட்டினாள். "தாதா, வீ ஆர் ட்வின்ஸ்!"

"நீங்க என்னை நாலு வயசுன்னு சொல்லி ரயில்ல ஏத்தலையா அத்தா?" என்றான் ஹஸ்னைன். "இப்ப என் டர்ன்."

எல்லாரும் சிரித்தோம். அந்த ரயில் கதையைப் பாயே எனக்குச் சொல்லியிருக்கிறார். ஐந்து வயதுக்குள் டிக்கெட் வேண்டாம் என்பதால், மூன்றாம் வகுப்பு படிக்கும் பையனை நாலு வயது என்று சொல்லிச் சென்னைக்குக் கூட்டிப் போனார். டிக்கெட் பரிசோதகர் பையனிடமே வயதைக் கேட்டார். "எட்டு. தேர்ட் பி செக்‌ஷன்" என்றான் பையன், மார்பை நிமிர்த்திக்கொண்டு. பாய் அபராதம் கட்டினார். பரிசோதகர் அடுத்த பெட்டிக்குப் போன பிறகு பையனை அடித்தார். சீர்காழியில் தொடங்கிய அழுகை சிதம்பரம் வரை கேட்டது. பாய் இதை வேடிக்கைக் கதையாகத்தான் சொல்வார். அன்று ஹஸ்னைனும் வேடிக்கையாகத்தான் சொன்னான். அவன் சிரித்தானா என்று நான் கவனிக்கவில்லை.

வயதைப் போலவே பெயரிலும் ஒன்று நடந்தது. நம்மில் பலரைப் போல ஹஸ்னைனுக்கும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் கடைசிப் பெயர்: ஹஸ்னைன் ஜைனுதீன். குழந்தையின் கணக்கைத் திறந்தபோது பெற்றோரின் கடைசிப் பெயரை ஃபோன் தானாகவே போட்டுக்கொண்டது. ஜைனுதீன் ஜைனுதீன் என்று வந்தது. அது அசிங்கமாக இருக்கிறதென்று அவன் இரண்டாவது ஜைனுதீனை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டான். ஜைனுதீன் ஹஸ்னைன். கும்பகோணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒரு பெயர் வந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: ஹஸ்னைன் மகன் ஜைனுதீன். சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள்.

முதல் வாரமே பாய்க்குத் தொல்லை தொடங்கியது. குர்ஆன் ஓதும் செயலியை இறக்க வேண்டுமானால் ஹஸ்னைனின் ஃபோனுக்கு விண்ணப்பம் போகும். அவன் சரி என்று அமுக்கினால்தான் இறங்கும். அவன் மீட்டிங்கில் இருந்தால் காத்திருக்க வேண்டும். மருந்துக்கடைச் செயலியில் ரத்த அழுத்த மாத்திரைக்கு மறு உத்தரவு கொடுக்கப் போனால், பெரியவர் யாரையாவது கூப்பிடு என்றது. இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை குழந்தைகள் தூங்கும் நேரம் என்பதால் ஃபோன் பூட்டிக்கொள்ளும். அதிகாலைத் தொழுகைக்கு அழைக்கும் சுப்ஹு பாங்கு ஒலிக்காது.

"சார், அறுபது வருஷமா சுப்ஹுக்கு எந்திரிக்கிறேன். தூங்குடா பேசாமன்னு இது சொல்லுது."

"ஹஸ்னைன்கிட்ட சொல்லி மாத்தச் சொல்லுங்க பாய்."

"சொன்னேன். வீக்கெண்ட் பாக்கறேன்னான்."

அரட்டைச் செயலியைக் கேட்டபோது மட்டும் ஹஸ்னைன் உடனே சம்மதம் கொடுத்தான். வேறு ஏதோ வேலையாக இருந்தான், பார்க்காமல் அமுக்கினான். பாய் எடிசனோடு மறுபடி பேசத் தொடங்கினார்.

அந்தக் குளிர்காலத்தில் டெக்சாஸில் செயலிகளுக்கு வயதுச் சோதனை கட்டாயம் என்று சட்டம் வருகிறது என்றார்கள், பிறகு கோர்ட் நிறுத்திவிட்டது என்றார்கள். சட்டம் வந்ததோ இல்லையோ, செயலிகள் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டன. பாயின் செயலியும் முகத்தைக் காட்டச் சொன்னது. குளக்கரையில் நின்று காட்டினார். இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, கண்ணை மூடித் திற என்றது. எல்லாம் செய்தார். நீங்கள் வயது வந்தவர் போலத் தெரிகிறது, ஆனால் பிறந்த தேதியை மாற்ற உங்கள் பெற்றோர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பதில் வந்தது. அடையாள அட்டை கேட்டது. கிரீன் கார்டைக் காட்டினார். அதில் அவர் ஜைனுதீன் முஹம்மது யூசுஃப், அதாவது யூசுஃப் மகன். கணக்கில் இருப்பவரோ ஹஸ்னைன் மகன். பெயர் பொருந்தவில்லை, பிறகு முயலவும் என்றது.

"என் அத்தாவை மௌத்தாக்கினது அல்லா. என்னை இவன் பிள்ளையாக்கினது யாரு சார்?" என்று கேட்டார்.  அவராகவே, "ஓசி லைன்" என்றார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ஹஸ்னைன் வீட்டில் எட்டுக் குடும்பம் சேர்ந்த சாப்பாடு. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வந்திருந்தோம். சாப்பிட்டு முடித்ததும் ஹஸ்னைன் தன் ஃபோனைப் பெரிய டிவியோடு இணைத்து உம்ரா யாத்திரை போன படங்களைக் காட்டினான். கஅபாவுக்கு முன் அவர்கள் நின்ற படம் திரையில் இருக்கும்போது, அதன் மேல் ஒரு கட்டம் வந்து விழுந்தது. உங்கள் குழந்தையின் வாராந்தர அறிக்கை. மலீஹா உரக்கப் படித்தாள். ஜைனுதீன் இந்த வாரம் ஃபோனை அதிகம் பயன்படுத்தியிருக்கிறார். அதிகம் பேசியது: ரஹ்மத் டீச்சர்.

 எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"டீச்சரா? என்ன பாய், டியூஷனா?"

"ஹோம்வொர்க் ஜாஸ்தியா அங்கிள்?"

"மேத்ஸா, சயின்ஸா?"

"பயாலஜி மாதிரி தெரியுது" என்றார் ஒருவர். அவர் பல் டாக்டர். அவர் மனைவி அவர் தொடையில் அடித்தாள். ஆனால் அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாய் எழுந்து நின்றார். மறைக்க வேண்டாம் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "அவங்க பேரு ரஹ்மத். நிக்காஹ் பேசிட்டு இருக்கோம். ஹலாலான விஷயம்" என்றார்.

யாரும் மாஷா அல்லா என்று சொல்லவில்லை. ஃபைஹா தட்டுகளை எடுக்கத் தொடங்கினாள். ஹஸ்னைன் டிவியை அணைத்தான்.

விருந்தினர் போன பிறகு வீட்டில் நடந்ததைப் பாய் மறுநாள் சொன்னார். மகன் கத்தவில்லையாம். கத்தியிருந்தால் பரவாயில்லை என்றார்.

"அம்மா போய் மூணு வருஷம்தான் ஆகுது."

"தெரியும்பா. நான்தானே தூக்கிட்டுப் போனேன்."

"என் ஆஃபீஸ்காரங்க இருந்தாங்க அத்தா. பயாலஜியாம். உங்களுக்கு என்ன குறை இங்க? ரூம் இருக்கு, சாப்பாடு இருக்கு."

"பேச ஆளில்ல."

"மலீஹாகிட்ட பேசுங்க."

"அவ இங்கிலீஷ்ல பேசறா. அதுவும் பாத்ரூம் போகும்போது."

"மாமா, ஊர்ல என்ன சொல்வாங்கன்னு யோசிச்சீங்களா?" என்று ஃபைஹா கேட்டாளாம். "எந்த ஊர்ல?" என்று இவர் கேட்டாராம். அவளுக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஹஸ்னைனுக்கு அந்தக் குழந்தைக் கணக்கின் அருமை தெரிந்தது. அதுவரை வாரக் கடைசியில் பார்க்கிறேன் என்று தள்ளியது சோம்பேறித்தனம். இப்போது பாய் வயதை மாற்றச் சொல்லிக் கேட்டால், "எதுக்கு அத்தா, நல்லாத்தானே ஓடுது" என்றான். பூட்டும் நேரம் ஒன்பதிலிருந்து எட்டானது. எடிசனில் அப்போது ஒன்பது. டேகேர் குழந்தைகள் போய், பாத்திரம் கழுவி, டீச்சர் உட்காரும் நேரம் அதுதான். பாய் பகலில் பேசினார். டீச்சர் குரலுக்குப் பின்னால் பிள்ளைகள் அழும் சத்தம் கேட்கும்.

பிப்ரவரி தொடக்கத்தில் டீச்சர் முடிவு சொன்னார். "ஜைத் தம்பி சரின்னா எனக்குச் சரி." ஜைத் அவருடைய மருமகன். டீச்சரின் செலவும் ஃபோனும் எல்லாம் அவன் பொறுப்பு. "வர்ற ஞாயித்துக்கிழமை மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அவர்கிட்ட பேசுங்க. உங்க மகனையும் பக்கத்துல வெச்சுக்கங்க. நாளைக்கு நான் வந்து இருக்கப் போற வீடு. அவங்க முகத்தைப் பாக்காம வர மாட்டேன்."

பாய் புதுச் சட்டை வாங்கி, போட்டு, படம் எடுத்து டீச்சருக்கு அனுப்பினார். பட்டன் தப்பாப் போட்டிருக்கீங்க என்று பதில் வந்தது. சரியாகப் போட்டு இன்னொரு படம் அனுப்பினார். இப்ப அழகு என்று வந்தது. அதை எனக்கு இரண்டு முறை போட்டுக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை மாலை நடை முடிந்து, ஹஸ்னைனிடம் ஞாயிறு விஷயத்தைச் சொல்ல வேண்டும், நீங்களும் கூட இருங்கள் சார் என்று என்னை உள்ளே அழைத்தார். ஹஸ்னைன் சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நின்றான். ஃபைஹா டீ ஊற்றினாள். பாய் தொடங்கினார். "ஞாயித்துக்கிழமை ஒரு பத்து நிமிஷம் என் பக்கத்துல உக்காரு. ஒண்ணும் பேச வேணாம். சலாம் சொன்னா போதும்."

ஹஸ்னைன் பதில் சொல்லும் முன் அவன் ஃபோன் ஒலித்தது. பார்த்தான். முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது.

"அத்தா, இதைக் கேளுங்க. உங்கள் குழந்தையுடன் வயது வந்த ஒருவர் அடிக்கடி பேசுகிறார். படங்கள் பரிமாறப்பட்டுள்ளன. இவர் உங்கள் குழந்தையின் தோற்றத்தைப் பற்றிப் பேசியுள்ளார். பேரு ரஹ்மத். இவரை உங்களுக்குத் தெரியுமா?" தமிழில் அவனே மொழிபெயர்த்துப் படித்தான். "தெரியும், தெரியாது. ரெண்டு பட்டன்."

ஃபைஹாவுக்குச் சிரிப்பு வந்து டீ சிந்தியது.

"தெரியும்னு போடு" என்றார் பாய்.

"எனக்குத் தெரியாதே."

"ஹஸ்னைன்."

"நான் பாத்ததே இல்லையே அத்தா. பேசினதும் இல்ல. தெரியும்னு எப்படிப் பொய் சொல்றது? பொய் சொல்லலாமா? அங்கிள், நீங்க சொல்லுங்க, உங்களுக்கு எல்லாம் கரெக்டா இருக்கணுமே."

"தம்பி, விளையாடாதீங்க" என்றேன்.

"தெரியும்னு போடுடா" என்றார் பாய் மறுபடி. குரல் உயரவில்லை. கையை மேடைக்கு மேல் நீட்டினார், ஃபோனை வாங்குவதற்காக. ஹஸ்னைன் ஃபோனைத் தலைக்கு மேல் தூக்கி, அங்கேயே கட்டை விரலால் அமுக்கினான்.

"தெரியாது" என்றான்.

"ஏங்க, என்ன ஆகும்?" என்றாள் ஃபைஹா.

"ஒண்ணும் ஆகாது. ரெண்டு நாள் ப்ளாக் பண்ணுவான். மண்டே பாத்துக்கலாம்."

அதற்கு மேல் என்ன ஆகும் என்று அவனுக்கு அப்போது தெரியாது. இதையும் சேர்த்து எழுதுவதுதான் நியாயம்.

ஞாயிறன்று பாயின் ஃபோனிலிருந்து எடிசனுக்கு எதுவும் போகவில்லை. அந்தத் தொடர்பே அதில் இல்லை. என் வீட்டுக்கு வந்தார், புதுச் சட்டையோடு. எண் அவருக்கு மனப்பாடம். என் ஃபோனில் போட்டுக் கொடுத்தேன். எடுத்தது ஜைத். ஒலிபெருக்கியில் வைக்கச் சொன்னார் பாய், எனக்கு அதில் விருப்பமில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. கேட்டியிலேருந்து ஜைனுதீன் பேசறேன்."



"நீங்கதான் அந்தக் குழந்தையா?" என்றான் ஜைத்.

அவன் மோசமானவன் இல்லை. களைத்துப் போயிருந்தான். சனிக்கிழமை காலை அறிவிப்பு வந்திருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு குழந்தையோடு தகாத தொடர்பு என்று குழந்தையின் பெற்றோர் புகார் செய்திருப்பதால் ரஹ்மத்தின் கணக்கு மூடப்படுகிறது, தேவைப்பட்டால் உரியவர்களுக்குத் தெரிவிக்கப்படும் என்று. கணக்கு அவன் பெயரில் இருந்ததால் அவனுக்குத்தான் வந்தது. அவர்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில், சனி ஞாயிறு உட்பட, ஒன்பது பிள்ளைகள்.

"டேகேர் அங்கிள். எங்களுக்கு இருக்கறதே அதுதான். லாயர்கிட்ட கேட்டோம். எழுத்துல கிளியர் ஆகற வரைக்கும் அவங்க பிள்ளைங்க பக்கமே வரக்கூடாதுன்னுட்டார். மாமி மாடியில இருக்காங்க. பிள்ளைங்க இருக்கற வரைக்கும் கீழ இறங்கறதில்ல. சாப்பாடு மேல போகுது."

"தம்பி, எனக்கு அறுபத்தொம்பது வயசு."

"தெரியும் அங்கிள். மாமி சொன்னாங்க. நான் நம்பறேன். நான் நம்பி என்ன பண்ண? உங்க பையன் அந்தக் கம்பெனிக்கு எழுதணும், வயசு தப்பாப் போட்டுட்டேன், தெரிஞ்சேதான் தப்பா ரிப்போர்ட் பண்ணிட்டேன்னு. அவங்க எங்களுக்கு ஒண்ணு அனுப்புவாங்க. அது போதும்."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?"

"வேணாம் அங்கிள். அவங்க முப்பத்தோரு வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவங்க. நேத்திலேருந்து அழுதுட்டு இருக்காங்க. இதை மட்டும் பண்ணிக் குடுங்க."

பாய் என் வீட்டிலிருந்து நேராகத் தன் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். கல்யாணத்தைப் பற்றி அவர் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. டீச்சர் மாடியிலிருந்து இறங்க வேண்டும், அதற்கு மகன் எழுத வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

ஹஸ்னைன் கொஞ்சம் வெளுத்துப் போனான். ஆனால் உட்கார்ந்து யோசித்ததும் அவனுக்கு வேறு கவலை வந்துவிட்டது. "தப்பான வயசு குடுத்தேன்னு நானே எழுதினா என் அக்கவுண்ட்டையே மூடிடுவான் அத்தா. பசங்க போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. மலீஹா பொறந்ததுலேருந்து."

"அப்ப நான் எழுதறேன்."

"நீங்க அதுல மைனர். உங்க எழுத்து செல்லாது."

இதை அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. விவரமாகச் சொன்னான். அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

"அந்தப் பொம்பளை என்னடா பாவம் பண்ணுச்சு?" என்றார் பாய்.

ஹஸ்னைன் மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"சரி, எழுதறேன். ரிஸ்க் எடுத்து எழுதறேன். ஆனா இதோட முடியணும். இனிமே அவங்ககிட்ட நீங்க பேசக்கூடாது. என் ஃபோன்ல, அங்கிள் ஃபோன்ல, எதுலயும்."

"பேசல."

"அப்படிச் சொன்னா பத்தாது. வல்லாஹின்னு சொல்லுங்க."

எனக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். இறைவன் மேல் ஆணை. பாய் கடையில் ஒரு பேரத்துக்குக்கூட அதைச் சொன்னவரில்லை. பொய் சொல்லும்போது அதைத் தவிர்த்துவிட்டுத்தான் பொய் சொல்வார், அவ்வளவு மரியாதை.  நான் அங்கே இருந்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

"வல்லாஹி" என்றார். "பேச மாட்டேன். எழுது."

ஹஸ்னைன் எழுதினான். நான்கு வரி. மூன்றாம் நாள் பதில் வந்தது. தகவலுக்கு நன்றி, பிறந்த தேதியும் பெயரும் திருத்தப்பட்டன, புகார் நீக்கப்பட்டது, டீச்சரின் கணக்கு மறுபடி திறக்கப்பட்டது, எடிசனுக்கும் தெரிவிக்கப்பட்டுவிட்டது. அவன் கணக்கை யாரும் மூடவில்லை. ஒரு படம்கூடப் போகவில்லை. லைனுக்கு மட்டும் இனிமேல் காசு. இவ்வளவு சுலபம் என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த வல்லாஹிக்கு அவசியமே இருந்திருக்காது என்று ஹஸ்னைன் பின்னர் என்னிடம் சொன்னான். சொன்னானே தவிர, அப்பாவிடம் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ரமலான் முதல் வாரம், மாலை அஸர் தொழுகைக்குச் சற்று முன், பாய் என் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது என் ஃபோனுக்கு எடிசனிலிருந்து அழைப்பு வந்தது. நான் எடுத்தேன்.

"நான் ரஹ்மத் பேசறேன். ஜைத் ஃபோன்ல உங்க நம்பர் இருந்துச்சு. அவரு இருக்காரா?"

பாயைப் பார்த்தேன். அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"இல்லைங்க" என்றேன்.

"அனுப்புன வாய்ஸ் எதுக்கும் பதில் இல்ல. கேட்டதாவும் காட்டல. கோவமா?"

"கோவமெல்லாம் இல்லைங்க. நோன்பு. களைப்பா இருப்பார்."

"அவருக்கு என்ன களைப்பு, வேலையா வெட்டியா." சிரித்தார். நான் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். "சரி. எனக்குப் புரியுது. பயந்துட்டார் போல. என்னால அவர் வீட்டுலயும் சங்கடம்தானே. பெருநாள் முடிஞ்சு நான் நாகூர் போயிடறேன்னு சொல்லிடுங்க. ஜைத் போகச் சொல்லல. கீழ இறங்கினா பிள்ளைங்களைத் தூக்கக் கை வர மாட்டேங்குது, அதான்."

நான் சரி என்றேன்.

"இன்னொண்ணு. அவர் மகனுக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லணும். ஹஸ்னைன் தம்பி. அது மட்டும் எழுதித் தரலைன்னா என் பேரு என்ன ஆகியிருக்கும்? ஜைத் காட்டினார். எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கு பிள்ளை."

வைத்துவிட்டார். ஒலிபெருக்கி போடாமலே பாய்க்கு எல்லாம் கேட்டிருந்தது. டீச்சர் குரல் அப்படி. வகுப்புக் கடைசி பெஞ்சு வரை போகும்.

ஹஸ்னைனிடம் நான் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். நானே சொல்கிறேன் என்றார். அந்த நன்றியையாவது தன் கையால் கொண்டு போக நினைத்தாரோ என்னவோ.

அன்று நோன்பு திறந்த பிறகு நடந்ததை மறுநாள் நடையில் சொன்னார். எந்த வார்த்தையையும் மாற்றாமல் சொன்னார் என்று நினைக்கிறேன்.

கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது, "ரஹ்மத் டீச்சர் உனக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க" என்றாராம்.

ஹஸ்னைன் கரண்டியை வைத்தான். "பேசினீங்களா?"

"பேசல. சாருக்கு வந்துச்சு. நான் பக்கத்துல இருந்தேன்."

"நம்பர் இன்னும் வெச்சிருக்கீங்களா?"

"ஃபோன்ல மறுபடி வந்திருக்கு."

"அதை டெலீட் பண்ணிடுங்க அத்தா. இருந்தா பேசத் தோணும், அப்புறம் உங்களுக்குத்தான் பாவம்." ஒரு வடையை எடுத்துக்கொண்டு, "வெல்கம்னு ஒரு மெசேஜ் நானே போட்டுடறேன். மரியாதையா இருக்கும். நம்பர் சொல்லுங்க" என்று தன் ஃபோனை எடுத்தான்.

பாய் தன் ஃபோனைத் திறக்காமலே எண்ணைச் சொன்னார். ஹஸ்னைனின் விரலில் வடை எண்ணெய். நடுவில் ஒரு எண் தப்பிவிட்டது.

"மறுபடி சொல்லுங்க" என்றான்.

மறுபடி சொன்னார், நிறுத்தி நிறுத்தி.